கேசட் இருக்கிறது, ஓட்ட கேமரா இருக்கிறதா? பழைய வீடியோவை டிவிடிக்கு மாற்றும் வழி

கணினியில் எந்த மென்பொருள் போடுவது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது கடைசிக் கேள்வி. கேசட் எந்த நிலையில் இருக்கிறது, அதை ஓட்ட நல்ல கேமரா கிடைக்குமா, இந்த இரண்டும் தேறினால் மீதி வெறும் பொறுமைதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு சோதித்தே காலத்தை ஓட்டியவள் நான். சோதிக்காத எதையும் செருகாதே என்பது அங்கே படிந்த பழக்கம். இப்போது ஜெலுத்தோங்கில் என் வீட்டு மேசைக்கு உறவுக்காரர்களின் கேசட்டுகள் பிஸ்கட் டின்களில் வந்து சேர்கின்றன.

டின்னைத் திறந்ததும் கேசட்டின் சின்னக் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடியோ நூலாம்படை மாதிரியோ தெரிந்தால் அது பூசணம். பினாங்கு ஈரக்காற்றில் அலமாரிக்குள் கிடந்த கேசட்டுக்குப் பூசணம் பிடிப்பது சர்வ சாதாரணம். அதைக் கேமராவில் போட்டால் படம் கெடுவது ஒரு பக்கம். ஹெட்டில், அதாவது டேப்பைப் படிக்கும் முனையில், ஒட்டிய பூசணம் அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தாவும். “அக்கா, ஒரு தடவை மட்டும் போட்டுப் பார்ப்போமே” என்று பக்கத்து வீட்டுத் தம்பி கெஞ்சினாலும் நான் போடுவதில்லை. பூசணக் கேசட்டைத் தனிப் பையில் கட்டித் தள்ளி வையுங்கள்; அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்து, கேசட்டின் இனம். பாட்டுக் கேசட் அளவில் இருந்தால் வீடியோ8 அல்லது ஹை8. கொஞ்சம் தடித்த சிறிய பெட்டியாக இருந்தால் விஎச்எஸ்-சி. விஎச்எஸ்-சிக்கு ஒரு அடாப்டர் உண்டு. அதற்குள் வைத்துச் சாதாரண விசிஆரிலேயே (டிவியோடு சேர்க்கும் வீடியோ கேசட் பெட்டி) ஓட்டலாம். வீடியோ8, ஹை8 என்ற 8 மில்லிமீட்டர் கேசட்டுக்கு அப்படி ஓர் அடாப்டர் உலகத்திலேயே கிடையாது. இருக்கிறது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். மேலே பி5-90 என்று இருந்தால் நம் ஊர் ‘பால்’ (PAL) என்ற டிவி பட முறையில் 90 நிமிடம். பி6 என்று இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வாங்கிய என்டிஎஸ்சி கேசட். அந்த முறையில் ஓடும் கேமரா வேண்டும்.

கேமராவைத் தேடும் முதல் இடம் கடை அல்ல, சொந்தக்காரர் வீட்டு அலமாரி. கேமராவோடு சார்ஜரும் படமும் ஒலியும் கடத்தும் ஏவி வயரும் இருக்கிறதா என்று கேளுங்கள், ஏனென்றால் பேட்டரி எப்போதோ செத்திருக்கும். கிடைக்கவில்லையா, லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குக் காலையிலேயே போங்கள். கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு வார இறுதியில் அம்கார்ப் மால் சந்தை. கையில் ஒரு உதவாத கேசட்டைக் கொண்டுபோய், அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூடி திறந்து மூடுவது மட்டும் போதாது. படம் வர வேண்டும், ஃபார்வர்டும் ரீவைண்டும் ஓட வேண்டும், கேசட் சிக்காமல் வெளியே வர வேண்டும்.

டிஜிட்டல்8 கேமரா அகப்பட்டால் விடாதீர்கள். சோனி 1999-இல் கொண்டுவந்த இந்த வகையில் சில மாடல்கள் பழைய வீடியோ8, ஹை8 கேசட்டையும் ஓட்டும். எல்லா மாடலும் அல்ல, மாடல் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். படத்தை அதுவே டிஜிட்டலாக்கி ஃபயர்வயர் என்ற இணைப்பு வயர் வழியாகக் கணினிக்கு அனுப்பிவிடும். மேசைக் கணினியில் ஒரு ஃபயர்வயர் கார்டு செருகி, வின்டிவி என்ற இலவச மென்பொருளில் பிடித்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி ஆகும். கேமராவில் யூஎஸ்பி துளையும் இருக்கும், ஆனால் அதன் வழியாக வரும் படம் மட்டமானது, ஆசைப்படாதீர்கள்.

மற்ற கேமராவுக்கும் விசிஆருக்கும் படத்தைக் கணினிக்குள் பிடித்துத்தரும் யூஎஸ்பி கேப்சர் குச்சி வேண்டும். ஷாப்பியில் மிக மலிவாகக் கிடைப்பவற்றில் பல, ஒரே பெயரும் வெவ்வேறு உட்பாகமுமாக வரும். எஸ்-வீடியோ துளை (படத்துக்கு மட்டுமான இணைப்பு) உள்ளதாக, உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஹை8 கேமராவில் எஸ்-வீடியோ இருந்தால் மஞ்சள் வயரை விட்டுவிட்டு அதையே செருகுங்கள். நிறம் பிசிறாமல் வரும். அதில் ஒலி வராது, வெள்ளை சிவப்பு வயர்கள் தனியே வேண்டும். ஒற்றை முனை ஏவி வயரில் படமே வரவில்லை என்றால் கேமராவைத் திட்டுவதற்கு முன் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே வரிசையில் கம்பி இழுக்கவில்லை.

ஓட்டுவதற்கு முன் சின்ன வேலைகள். கேசட்டின் ஓரத்தில் உள்ள பூட்டை நகர்த்திச் சிவப்பு தெரிய வையுங்கள், கை தவறி ரெக்கார்ட் அமுக்கினாலும் அழியாது. விஎச்எஸ் என்றால் முதுகிலுள்ள பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். ஏர்கான் அறையிலிருந்து எடுத்துவந்த கேமராவை உடனே ஓட்டக் கூடாது. உள்ளே நீர் கோத்து, டேப் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கேசட்டைக் கடைசி வரை ஃபார்வர்ட், மறுபடி ரீவைண்ட். வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுருள் அப்போதுதான் இளகும். படத்தில் பாதி பனி கொட்டினால் பெரும்பாலும் ஹெட் அழுக்கு. கிளீனிங் கேசட்டைச் சில வினாடி மட்டும் ஓட்டுங்கள். பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள், அதன் இழை ஹெட்டில் மாட்டும்.

மென்பொருள் விஷயம் சுருக்கமாக. யூஎஸ்பி குச்சிக்கு வெர்ச்சுவல்டப் போதும், அதுவும் இலவசம். ‘பால்’ கேசட்டுக்கு 720க்கு 576, நொடிக்கு 25 படம், ஒலி 48,000 ஹெர்ட்ஸ். இன்டர்லேஸை (ஒவ்வொரு படத்தையும் ஒன்றுவிட்டு ஒன்று வரிகளாக இரண்டு பாதியாகக் காட்டும் முறை) நீக்கச் சொல்லும் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள்; டிவிடிக்கு இன்டர்லேஸ் அப்படியே வேண்டும். திரையில் ஓடும் கவுண்டர் எழுத்துகளைக் கேமராவில் டிஸ்ப்ளே பொத்தானால் மறையுங்கள். விசிஆரில் நீலத்திரை வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிக்னல் கொஞ்சம் தளர்ந்ததும் படத்தையே மூடிவிடும். விண்டோஸ் அப்டேட், ஸ்கிரீன்சேவர், வைஃபை எல்லாம் ஓய்வெடுக்கட்டும். பிடிக்கும்போது ஃப்ரேம் (ஒரு படம்) விடுபட்டால் உதடும் குரலும் மெல்ல மெல்லப் பிரியும், பிறகு ஒட்டவைப்பது பெரும்பாடு.

ஒலி அளவை எங்கே சோதிப்பது என்று எனக்கு ஒரு வழக்கம். தைப்பூசக் கேசட் என்றால் உறுமி மேளம் வரும் இடம், அல்லது வெள்ளி ரதத்துக்கு முன் தேங்காய் உடைக்கும் இடம். அங்கே மீட்டர் சிவப்பில் முட்டாதபடி வைத்தால் மற்ற இடமெல்லாம் சரியாக இருக்கும். கல்யாணக் கேசட்டில் கெட்டிமேளம்.

ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எத்தனையாவது நிமிடத்தில் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். என் அத்தை ஒரு கேசட்டில் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றவரைக்கூட நடையைப் பார்த்தே சொல்லிவிட்டார். தண்ணீர்மலையில் 2012-இல் குடமுழுக்கு கண்ட புதிய மலைக்கோயில் இல்லாத படிகளையும், கார் ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த் போகும் பழைய ஃபெரியையும் பார்த்ததும் வருடத்தையே நெருங்கிச் சொன்னார். கணினியில் இருக்கும் எந்த வசதியும் இதைச் செய்யாது.

டிவிடி செய்ய டிவிடிஸ்டைலர் என்ற மென்பொருள். ‘பால்’, 4:3 என்று தேர்ந்தெடுங்கள். 4.7 ஜிபி டிஸ்க்கில் ஒரு மணி நேரம் போட்டால் நொடிக்கு 8 மெகாபிட் தரம் வைக்கலாம். இரண்டு மணி நேரத்தைத் திணித்தால் 4.5-க்கு இறங்க வேண்டும், தேங்காய்ச் சிதறல் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். எனவே கேசட்டுக்கு ஒரு டிஸ்க். கை அசைவு துடித்துத் துடித்துத் தெரிந்தால் ஃபீல்டு (இன்டர்லேஸின் அந்தப் பாதிப் படம்) வரிசை தலைகீழாக இருக்கிறது: ஃபயர்வயரில் வந்தது கீழ் ஃபீல்டு முதலில், யூஎஸ்பி குச்சியில் வந்தது பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். 8 மடங்கு வேகத்துக்கு மேல் எழுதாதீர்கள். மேலே ஸ்டிக்கர் வேண்டாம், டிஸ்க்குக்கான மார்க்கரால் எழுதினால் போதும்.

டிவிடி என்பது உறவுக்காரர்களுக்குக் கொடுக்கும் பிரதி. கணினியில் முதலில் பிடித்த பெரிய ஃபைலை அழிக்காமல் இரண்டு ஹார்டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள். கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

பூசணக் கேசட் பாக்கி. அதைச் சுத்தம் செய்து மாற்றித்தரும் கடைக்குக் கொடுப்பதுதான் சரி. கொடுக்கும்முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பூசணத்தை எப்படித் துடைப்பார்கள், அதற்கெனத் தனி மெஷின் வைத்திருக்கிறார்களா, டிவிடியோடு சுருக்காத ஃபைலையும் உங்கள் ஹார்டிஸ்க்கில் போட்டுத்தருவார்களா. மூன்றாவதற்கு இழுத்தால் வேறு கடை பாருங்கள்.