கணக்கு வழக்கோடு இருப்பவர்கள் முண்டகம் படிக்கத் தொடங்குவது எப்படி

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் சிலர் சேர்ந்து உபநிஷத் படிக்கிறோம். நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பவள். வருகிறவர்களில் பாங்க் உத்தியோகஸ்தர்கள் உண்டு, சிஏ படிக்கும் பிள்ளைகள் உண்டு. "இதெல்லாம் ரிட்டயர் ஆனப்புறம் பார்த்துக்கொள்ளலாமே" என்பவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முண்டக உபநிஷத்தில் தொடங்குங்கள். முண்டகம் என்றே பெயர் கொண்ட மூன்று பகுதிகள், ஒவ்வொன்றிலும் கண்டம் எனும் இரண்டு உட்பிரிவுகள், அவ்வளவுதான். கேள்வி கேட்கிற சௌனகர் பெரிய இல்லறத்தார். "எதை அறிந்தால் இதெல்லாம் அறிந்ததாகும்?" என்று அங்கிரஸிடம் கேட்கிறார். அறிய வேண்டியவை இரண்டு, பரா வித்யை (மேலான அறிவு), அபரா வித்யை (கீழான அறிவு) என்கிறார் அங்கிரஸ். இங்கே வேகமாகப் போகாதீர்கள். அபரா என்று அவர் எண்ணுவதை வாய்விட்டுப் படியுங்கள்: ரிக், யஜுர், சாமம், அதர்வம், சிக்ஷை, கல்பம், வியாகரணம், நிருக்தம், சந்தஸ், ஜோதிஷம். நான்கு வேதமும் ஆறு அங்கமும் அந்தப் பக்கம் போய்விட்டன! அழியாததை எதனால் அடைகிறோமோ அதுதான் பரா.

பூஜை அறை மேலே, ஆபீஸ் கீழே என்று நாம் போட்டு வைத்திருக்கும் கணக்கு இதற்குப் பிறகு நிற்காது. பொருள் உள்ளே இறங்காதவரை சுலோகம் ஒப்பிப்பதும் டேலி கணக்கு மென்பொருளில் பதிவு போடுவதும் ஒரே வரிசைதான். வேதத்துக்குள் இருக்கும் உபநிஷத் மட்டும் எப்படிப் பரா ஆகும் என்று ஆதி சங்கரரே தம் பாஷ்யத்தில், அதாவது உரையில், கேட்டுக்கொள்கிறார். சொற்குவியலை அல்ல, அது உணர்த்தும் பொருளை அறிவதையே பரா என்கிறோம் என்பது அவர் விடை. இந்த ஒரு பகுதிக்கு ஒரு வாரம் முழுக்கக் கொடுக்கலாம்.

அப்புறம் ஒரு நோட்டை எடுங்கள். சாந்தோக்கிய உபநிஷத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நாரதர் சனத்குமாரரிடம் பாடம் கேட்கப் போகிறார். "உனக்குத் தெரிந்ததை முதலில் சொல்" என்கிறார் அவர். வேதம், இதிகாச புராணம், கணிதம், தர்க்கம், நட்சத்திர வித்தை, பாம்பு வித்தை என்று நாரதர் அடுக்கிவிட்டு, "மந்திரம் அறிவேன், ஆத்மாவை அறியேன், துக்கத்தில் இருக்கிறேன், கரையேற்றுங்கள்" என்கிறார். அதேபோல் உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். வருமான வரிச் சட்டம், எக்செல், மராத்தி, திருப்புகழ், மோர்க்குழம்பு, எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்கவில்லை என்று குறியுங்கள். என் நோட்டில் கணக்கு வேலைக்கு எதிரே "வீட்டு வாடகை, பெண்ணின் படிப்பு" என்றிருக்கிறது. அம்மா போன துக்கத்தை அந்தப் பட்டியலில் எதுவும் தொடவில்லை. திருப்புகழ்கூட, நான் பாடிய விதத்தில், தொடவில்லை.

அதற்காகக் கற்ற தொழிலை உதறச் சொல்லவில்லை. ஈசாவாஸ்ய உபநிஷத் அவித்யை, வித்யை இரண்டையும் சேர்த்து அறியச் சொல்கிறது. அவித்யையால் மரணத்தைக் கடந்து, வித்யையால் அமுதத்தை அடையலாம் என்கிறது. சங்கரர் அங்கே அவித்யைக்குக் கர்மம் என்றும், வித்யைக்குத் தேவதா உபாசனை என்றும் பொருள் கொள்கிறார். எப்படிக் கொண்டாலும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டவனுக்கு இருட்டுத்தான். வாடகை கொடுக்க வேண்டியவர்களுக்கு இது பெரிய ஆறுதல் என்று நினைக்கிறேன்.

தினசரிப் பயிற்சிக்குக் கீதை பதின்மூன்றாம் அத்தியாயம். தற்பெருமையின்மை, பகட்டின்மை, அஹிம்சை, பொறுமை, நேர்மை என்று அடுக்கி, இவையே ஞானம் என்கிறான் கண்ணன். வாரத்துக்கு ஒன்றை எடுங்கள். தற்பெருமையின்மைக்குக் குடியிருப்புச் சொசைட்டி மீட்டிங்கைவிட நல்ல களம் கிடையாது: சட்டம் நமக்குத்தான் தெரியும் என்று நாக்கு துறுதுறுக்கும்போது மற்றவர் முடிக்கும்வரை காத்திருங்கள். பிறகு சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். பொறுமைக்குக் கூட்டம் நெரியும் தாதர் ஸ்டேஷன் இருக்கிறது.

சைவர்கள் வீட்டில் படிக்கிறவர்கள் பாசஞானம் (கருவிகளால் வரும் அறிவு), பசுஞானம் (உயிரைப் பற்றிய அறிவு), பதிஞானம் (இறைவனைப் பற்றிய அறிவு) என்ற மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சைவ சித்தாந்தம் சங்கரரின் அத்வைதம் அல்ல, இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் கருவிகளால் வரும் அறிவு இறைவனை எட்டாது என்பதில் அதுவும் உறுதியாகவே நிற்கிறது.

வேதம் கற்றவராகவும் பிரம்மத்தில் நிலைத்தவராகவும் உள்ள குருவிடம் சமித்தோடு (வேள்விக் குச்சியோடு) போ என்கிறது முண்டகம். அப்படி ஒருவர் வாய்க்கும்வரை தனியாகப் படிக்காமல் இரண்டு மூன்று பேராகப் படியுங்கள். முண்டகம் முடிந்ததும் சாந்தோக்கியம் ஏழாம் அத்தியாயத்தை முழுதாக எடுங்கள். நாமம், வாக்கு, மனம் என்று பூமா எனும் எல்லையற்றது வரை நாரதரைப் படிப்படியாக ஏற்றுகிறார் சனத்குமாரர். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு படி போதும்.