கோட்பாடு படிக்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்

உளவியலோ மேலாண்மையோ இயற்பியலோ, புதிதாக ஒரு கோட்பாட்டைப் படித்தால் அதன் வரையறையை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாதீர்கள். "இது எங்கே பொருந்தாது?" என்று கேட்டு, பதிலை ஓரத்தில் ஒரே வரியில் எழுதி வையுங்கள்.

பொது மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொள்வோம். கூடுதலாக ஒரு மாட்டை விட்டால் லாபம் எனக்கு மட்டும், புல் குறைவதோ எல்லாருக்கும். அதனால் நிலம் பாழாகும் என்றார் சூழலியலாளர் காரெட் ஹார்டின், 1968-ல். கேட்டால் மறுக்கவே முடியாது போலிருக்கும். ஆனால் சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517-லேயே ஒரு விதி இருந்தது: குளிர்காலத்தில் உன்னால் தீனி போட முடிகிற அளவு மாடுகளைத்தான் மலைக்கு ஓட்டலாம். நிலம் தப்பியது. இப்படிப்பட்ட ஊர்களை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளாதார நோபல் பெற்றார். அப்படியானால் ஹார்டின் சொன்னது யாரும் விதி வகுக்காத இடத்துக்குத்தான் பொருந்தும். என் கணக்கில், இந்த எல்லை தெரிந்தால்தான் கோட்பாடு புரிந்ததாக அர்த்தம்.

இயற்கை அறிவியலிலும் இதே கதைதான். நியூட்டனின் ஈர்ப்பு விதியால் புதன் கோளின் பாதையை முழுதாக விளக்க முடியவில்லை; 1915-ல் ஐன்ஸ்டைன் விளக்கினார். அதற்காக நியூட்டனைத் தூக்கிப் போட வேண்டாம், அன்றாடக் கணக்குகளுக்கு அவர் விதியே தாராளம்.