சுயதொழில் செய்வோருக்கு: முன்கூட்டிய வரியைக் கணக்கிடும் வழி

மதுரை தெற்கு மாசி வீதியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்பவரானாலும், வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவரானாலும், பணம் தருபவர்கள் ஏற்கெனவே பிடித்தம் செய்து அரசுக்குக் கட்டிய வரியை (டிடிஎஸ்) கழித்த பிறகும் ஆண்டு வருமான வரி 10,000 ரூபாயை எட்டினால், அதை முன்கூட்டியே தவணைகளில் செலுத்த வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுத் தொகை என்பது கணக்கு. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி மாதப் பிறப்பை ஒட்டியே இத்தேதிகள் வருவதால், நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்வது எளிது.

இவை தனித்தனிப் பங்குகள் அல்ல, அதுவரை கட்டியிருக்க வேண்டிய மொத்தம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆண்டு வரி 60,000 ரூபாய் என்றால் ஜூனில் 9,000 ரூபாயும், செப்டம்பரில் மேலும் 18,000 ரூபாயும் கட்ட வேண்டும். ஜூன் தவணையைத் தவறவிட்டால் மாதம் 1 சதவீதம் வீதம் மூன்று மாதத்துக்கு 270 ரூபாய் வட்டி சேரும்.

தீபாவளி விற்பனை முடியாமல் ஜவுளிக்காரர் எவராலும் ஆண்டு வருமானத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஜூனில் சென்ற ஆண்டுக் கணக்கை வைத்து மதிப்பிட்டு, டிசம்பர் தவணையில் அதைத் திருத்திக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தையே வருமானமாகக் கணக்கிடும் அனுமான வருமானத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்த சிறு வியாபாரிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டினால் போதும்.

வருமான வரித் துறையின் இணையதளத்திலேயே பணம் செலுத்தலாம். அப்போது 'முன்கூட்டிய வரி' என்ற வகையையும் உரிய ஆண்டையும் சரிபார்த்து, செலுத்துச்சீட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள்.