பழைய நெகட்டிவில் விளக்குக்கு ஒரு சட்டை

பழைய கேமரா ஃபிலிம் நெகட்டிவ்களைத் தூக்கிப் போட மனம் வராது, வைத்திருந்து என்ன செய்வதென்றும் தெரியாது. பேசாமல் ஒரு சாதாரண மேசை விளக்குக்குச் சட்டையாகத் தைத்துப் போட்டுவிடலாம். பசையே தேவையில்லை. ஃபிலிமின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டைகள் இருக்கின்றனவே, ஊசி நூல் கோக்கவே குத்தி வைத்த மாதிரி!

பசை வேண்டாம் என்பது பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் தடவை சூப்பர் குளூ வைத்தேன். மறுநாள் பார்த்தால் ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் புகை படிந்திருந்தது. துடைத்தும் போகவில்லை, ஆறு துண்டுகள் வீண்.

என்னென்ன வேண்டும்: மேலும் கீழும் ஒரே அகலமுள்ள, வெள்ளைத் துணி ஷேடு போட்ட விளக்கு, 35 மி.மீ. நெகட்டிவ், மெல்லிய நைலான் நூல், ஊசி, கத்தரி, எல்.இ.டி. பல்பு. மேலே குறுகிக் கீழே விரியும் ஷேடு முதல் முயற்சிக்குச் சரிப்படாது.

கத்தரியை எடுக்கும் முன் இரண்டு விஷயம். வேண்டிய படங்களை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், வெட்டிய பிறகு வருந்திப் பயனில்லை. அடுத்தது பாதுகாப்பு. 1950-களின் தொடக்கம் வரை நைட்ரேட் ஃபிலிம்கள் தயாராகிவந்தன, அவை சட்டென்று தீப்பிடிக்கும். அவ்வளவு பழசு என்று சந்தேகம் வந்தாலே விளக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் ஃபிலிமும் வேண்டாம், அது சிதையத் தொடங்கிவிட்டது.

படி 1, கணக்கு. துண்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி, அடுத்தடுத்த இரு துண்டுகளின் ஓட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்கப் போவதால், 35 மி.மீ. அகலத்தில் ஏறக்குறைய 28 மி.மீ.தான் நமக்குக் கிடைக்கும். ஷேடின் விட்டம் 20 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 63 செ.மீ. அதற்கு 23 துண்டுகள் தேவை. ஆறு படம் கொண்ட துண்டு கிட்டத்தட்ட 23 செ.மீ. நீளம் வரும். அந்த உயர ஷேடுக்கு 36 படச் சுருள் நான்கு இருந்தால் போதும்.

படி 2, வெட்டுதல். படத்துக்கும் படத்துக்கும் நடுவிலுள்ள 2 மி.மீ. இடைவெளியில் வெட்டுங்கள். சுருண்டு அடம்பிடித்தால் கனமான புத்தகத்துக்கு அடியில் இரண்டு நாள் வையுங்கள். தூசியை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடையுங்கள். படம் இருப்பது ஜெலட்டின் பூச்சில், தண்ணீர் பட்டால் இளகிவிடும்.

படி 3, பக்கம் பார்த்தல். இதில்தான் எல்லோரும் தப்பு செய்வார்கள். ஃபிலிமில் ஒரு பக்கம் பளபளக்கும், ஒரு பக்கம் மங்கலாக இருக்கும். மங்கலான பக்கம் ஷேடைப் பார்த்து உள்ளே போகட்டும். அப்போதுதான் படத்திலுள்ள எழுத்து இடவலம் மாறாமல் தெரியும், பூச்சிலும் கீறல் விழாது. தவிர, ஃபிலிம் இயல்பாகவே மங்கலான பக்கமாகத்தான் வளையும், ஷேடைத் தானாகத் தழுவிக்கொள்ளும்.

படி 4, தையல். ஒரு படத்துக்கு ஓரத்தில் எட்டு ஓட்டை. எல்லாவற்றிலும் தைக்க வேண்டியதில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இரண்டு என நான்கு முடிச்சு போதும். ஓட்டைகளை நேராக்கினால் துண்டுகளின் நுனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறி இறங்கும். விட்டுவிடுங்கள், அதுவும் அழகுதான். பாய் மாதிரி நீளமாகத் தைத்து, ஷேடைச் சுற்றிக் கொண்டுவந்து கடைசித் தையலைப் போடுங்கள். சுற்றளவு சற்று மிஞ்சினால் அங்கே மட்டும் கூடுதலாக ஏற்றிக்கொள்ளலாம். மேல் விளிம்பில் நாலைந்து இடத்தில் துணியோடு சேர்த்து ஒரு தையல் போட்டால் நழுவாது.

ஷேடைக் கழற்றிவிட்டு ஃபிலிமை மட்டும் வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். துணி வெளிச்சத்தைப் பரப்புவதால்தான் படங்கள் தெளிவாகத் தெரிகின்றன, இல்லாவிட்டால் பல்பு கண்ணைக் குத்தும்.

பல்பு 5 முதல் 7 வாட் எல்.இ.டி. போதும். சூடாகும் குண்டு பல்பு கூடவே கூடாது, ஃபிலிம் நெளிந்துவிடும். கலர் நெகட்டிவே ஆரஞ்சு நிறம், அதில் மஞ்சள் பல்பும் சேர்ந்தால் அறை முழுக்கச் செம்மஞ்சளாகிவிடும். எனக்கு வெள்ளை பல்புதான் பிடித்தது. போட்டுப் பாருங்கள், கறுப்புப் பல்லும் வெள்ளை முடியுமாக உறவினர்கள் வரிசையாகச் சிரிப்பார்கள்.

நேர் வெயில் படும் இடத்தில் வைத்தால் சாயம் வெளுக்கும். ஏதாவது ஒரு துண்டு கெட்டால் அதன் இருபக்க முடிச்சுகளை மட்டும் அறுத்து, வேறொன்றை வைத்துத் தைத்துவிடலாம்.