உயர்நிலைப் பிள்ளைகளை ஒருவரோடொருவர் பேச வைப்பது எப்படி? கலந்துரையாடல் வட்டம் தொடங்க ஒரு செய்முறை

சிங்கப்பூரில் ஆறு வருடம் ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடிந்ததும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். உயர்நிலை ஒன்றில் தமிழ்ப் பிள்ளைகளின் நிலைமை இன்னும் கொஞ்சம் விசித்திரம். நாள் முழுக்க வெவ்வேறு வகுப்பில் இருந்துவிட்டு, தாய்மொழிப் பாடத்துக்கு மட்டும் ஓர் அறையில் கூடுவார்கள். பள்ளியில் தமிழ் இல்லையென்றால், பள்ளி விட்டதும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ வேறொரு பள்ளிக்கோ பஸ் பிடிக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் பெயர் தெரிவதற்குள் மணி அடித்துவிடும்.

இவர்களுக்காக ஒரு சின்ன கலந்துரையாடல் வட்டம் தொடங்க நினைக்கும் பெற்றோர், தொண்டூழியர், தொடக்கக் கல்லூரி அக்கா அண்ணன்மாருக்கு இந்தக் குறிப்பு. நம்மவர்களுக்குப் 'பேச்சு' என்றாலே பேச்சுப் போட்டியும் பட்டிமன்றமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்துவிட்டால் மேடைக்குக் குறைவே இல்லை. எனக்கும் பட்டிமன்றம் பிடிக்கும். ஆனால் அங்கே எதிரணி பேசுவதைக் கேட்பதே மடக்குவதற்குத்தான். நமக்கு வேண்டியது வேறு: பிள்ளைகள் பெரியவர் முகத்தைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துப் பேச வேண்டும். கீழே வரும் எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: ஆள், இடம், நேரம்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். ஆறுக்குக் கீழே போனால் இரண்டு பேர் வராத அன்றைக்கு வட்டமே இல்லை. பன்னிரண்டைத் தாண்டினால் வாய் திறக்காமல் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். வரச் சம்மதித்த ஒவ்வொருவரையும் ஒரு நண்பரை அழைத்துவரச் சொல்லுங்கள். பதின்மூன்று வயதில் தனியாக ஓர் அறைக்குள் நுழைவது பெரிய விஷயம்.

சமூக மன்ற அறை கிடைத்தால் நல்லது. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கல்மேசைக்குச் செலவில்லைதான், ஆனால் போகிற வருகிற தெரிந்தவர்கள் எட்டிப் பார்க்கும்போது பிள்ளைகள் சுருங்கிப்போவார்கள். சனிக்கிழமை காலையில் துணைப்பாடமும் இணைப்பாட நடவடிக்கையும் குறுக்கே வரும் என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றேகால் மணி நேரம் என்று வையுங்கள். வாரந்தோறும் என்று ஆர்வக்கோளாறில் ஆரம்பித்தால் தேர்வுக் காலத்தில் தானாகவே நின்றுபோகும்.

அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் யாரையும் சேர்க்க வேண்டாம். வாட்ஸ்அப்புக்குக் குறைந்தபட்ச வயது 13. உயர்நிலை ஒன்றில் பலர் ஆண்டின் நடுவில்தான் அந்த வயதைத் தொடுவார்கள். அதனால் குழுவைப் பெற்றோருக்காக மட்டும் தொடங்குங்கள்.

படி 2: நாற்காலி

வட்டமாகப் போடுங்கள். வெண்பலகைக்கு முன்னால் நீங்கள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அது வகுப்பாகிவிடும்.

படி 3: பெயரும் பலகாரமும்

முதல் பதினைந்து நிமிடத்துக்குத் தீனி. வடை, மைலோ என்று எதுவானாலும் சரி. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் கலந்து வருவார்கள். சைவமாகவும் ஹலால் முத்திரை உள்ளதாகவும் வாங்கினால் யாரும் தயங்கி நிற்க வேண்டியிருக்காது. பரிமாறும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். ஒருவர் இன்னொருவரிடம் பெயர் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லித்தான் தட்டை நீட்ட வேண்டும். முதல் நாள் சிரிப்பாக இருக்கும், அடுத்த முறை எல்லாப் பெயரும் தெரிந்திருக்கும். 'உன்னைப் பற்றி ஐந்து வரி சொல்' என்ற சுய அறிமுகத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தொடக்கநிலையிலிருந்து அதை ஒப்பித்துச் சலித்தவர்கள் அவர்கள்.

படி 4: கேள்வி

பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. 'கைத்தொலைபேசி நன்மையா தீமையா?' என்று கேட்டால், வாய்மொழித் தேர்வுக்கு மனனம் செய்த பதில் அப்படியே வரும். நன்மை மூன்று, தீமை மூன்று, முடிவுரை ஒன்று. யாருக்கும் யாரோடும் பேச வேண்டிய தேவையே வராது.

நல்ல கேள்வியில் ஒரு சம்பவம் இருக்கும், அதில் உடனே முடிவெடுக்க முடியாத ஒரு சிக்கலும் இருக்கும். உதாரணத்துக்கு ஒன்று: 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும் என்பது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. நீங்கள் தட்டைத் தூக்கும்போது மேசை துடைக்கும் முதியவர் வந்து, 'வை, நான் எடுத்துக்கிறேன்' என்கிறார். தட்டைக் கொடுப்பீர்களா, நீங்களே எடுத்துப் போவீர்களா?

இன்னொன்று: எம்ஆர்டி ரயிலில் முதியோருக்கான இருக்கை காலியாக இருக்கிறது, நீங்கள் பயிற்சி முடிந்து களைத்துப்போய் வருகிறீர்கள். உட்காரலாமா? பிள்ளைகள் தினமும் பார்ப்பதுதான், ஆனால் இதைப் பற்றி யாரும் அவர்களிடம் அபிப்பிராயம் கேட்டிருக்க மாட்டார்கள். தமிழ் முரசு நாளிதழில் வரும் ஒரு சிறு செய்தியும் உதவும். ஐந்து நிமிடத்தில் வாசித்து முடிகிற அளவு இருந்தால் போதும்.

படி 5: பேச்சை நடத்துவது

கேள்வியைச் சொன்னதும் நேரே வட்டத்தில் பதில் கேட்காதீர்கள். முதலில் ஒரு நிமிடம் தனியாக யோசிக்கட்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசட்டும், அதன் பிறகுதான் எல்லாரும் சேர்ந்து. அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறை இது. கூச்சப்படும் பிள்ளை வட்டத்தில் பேசும்போது அந்தக் கருத்தை ஏற்கெனவே ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கும். நாக்கு அவ்வளவாகக் குழறாது.

அடுத்தது, நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது கேட்க அற்பமாக இருக்கும், அந்த அறையில் உட்கார்ந்தால்தான் அதன் கனம் தெரியும். மனசுக்குள் எண்ணுங்கள்.

தட்டுக் கேள்வி ஏறக்குறைய இப்படிப் போகும்:

"எடுத்துதான் ஆகணும் அக்கா, அபராதம் இருக்கு."

அபராதம் பற்றி விளக்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம். நோட்டுப் புத்தகத்தைக் குனிந்து பாருங்கள்.

"அவரே வேணாம்னு சொல்றாரே அக்கா. நாம பிடுங்கிட்டுப் போனா அவருக்கு ஒரு மாதிரி இருக்காதா?"

இப்போது ஒரே ஒரு வாக்கியம் பேசலாம்: "என்கிட்ட சொல்லாதேம்மா, அவன்கிட்டயே கேளு." அவள் அவன் பக்கம் திரும்புவாள். அவன் ஏதாவது சொல்லியாக வேண்டும். அங்கேதான் கலந்துரையாடல் தொடங்குகிறது.

அந்த நோட்டில் ஒரு வட்டம் வரைந்து, சுற்றிலும் பெயர்களை எழுதி, யார் பேச்சு யாரிடம் போகிறதோ அவர்களுக்கிடையே கோடு போட்டு வாருங்கள். முதல் கூட்டத்தில் எல்லாக் கோடும் உங்கள் பெயரில் வந்து முட்டும். கூட்டம் முடிந்ததும் படத்தைப் பிள்ளைகளிடமே காட்டுங்கள், கருத்து எதுவும் சொல்லாமல். யாருடைய பெயரில் ஒரு கோடுகூட இல்லை என்பதை அவர்களே கவனிப்பார்கள்.

ஒரே ஆள் பேசிக்கொண்டே இருந்தால் சோழி கொடுங்கள். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் கிடைக்கும். ஆளுக்கு மூன்று, பேசும் ஒவ்வொரு முறையும் ஒன்றை நடுவில் போட வேண்டும். நான் சேர்த்துக்கொண்ட சின்ன விதி: இன்னொருவரிடம் கேள்வி கேட்பதற்குச் சோழி செலவாகாது. வாயாடிப் பிள்ளைகள் இந்த ஓட்டையைச் சீக்கிரமே கண்டுபிடித்து, கேள்வியாகக் கேட்டுத் தள்ளுவார்கள். நமக்கும் அதுதானே வேண்டும்.

படி 6: எந்தத் தமிழ்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலுமான சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு. உங்கள் வட்டத்தில் மூன்று தலைமுறையாக இங்கே வாழும் குடும்பத்துப் பிள்ளையும் இருக்கும், சில வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து வந்த பிள்ளையும் இருக்கும். பின்னவர் மடமடவென்று பேசுவார், முன்னவர் அதைக் கேட்டே வாயடைத்துப்போவார். இதைப் பலர் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், வட்டம் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பேச்சுத் தமிழ் போதும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வார்த்தை வராவிட்டால் ஆங்கிலத்தில் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் தமிழில் எடுத்துக் கொடுக்கட்டும். நடுவில் புகுந்து உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். ழகரத்துக்குப் பள்ளியில் நேரம் இருக்கிறது.

படி 7: சிக்கல் வந்தால்

ஒருவர் பேசும்போது இன்னொருவர் சிரித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நீளமாக உபதேசம் செய்யாமல், "அவன் முடிக்கட்டும்" என்று மட்டும் சொன்னால் போதும்.

இனம், நிறம் பற்றிப் பள்ளியில் கேட்ட சொற்களைப் பிள்ளைகள் ஒருநாள் இங்கே கொண்டுவருவார்கள். இங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்று ஒரு விதி வைக்கச் சொல்வது அதற்காகத்தான். ஆனால் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று நீங்கள் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் பெற்றோரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்லியே ஆக வேண்டும். இதையும் முதல் நாளே சொல்லுங்கள்.

படி 8: கைமாற்றுவது

நான்கைந்து கூட்டம் ஆனதும் கேள்வியைப் பிள்ளைகளே கொண்டுவரட்டும், இருவர் இருவராகச் சேர்ந்து நடத்தட்டும். முதல் தடவை சொதப்பும், பரவாயில்லை. கோடு போடும் நோட்டையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு நாற்காலியை வட்டத்துக்கு வெளியே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உயர்நிலை மூன்றுக்குப் போகிறவர்களில் இரண்டு பேரை உதவிக்கு வரச் சொன்னால், புதிதாக வரும் உயர்நிலை ஒன்று பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம் ஒன்று இருக்கும்.

ஆண்டிறுதி விடுமுறையில் பல குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். அதனால் அடுத்த ஆண்டின் தேதிகளை அக்டோபரிலேயே பெற்றோருக்கு அனுப்பிவிட்டு, சமூக மன்ற அறையையும் அப்போதே கேட்டு வையுங்கள்.