லண்டன் வீட்டுக் கரண்ட் வேலை: கவுன்சிலுக்கு அறிவிப்பது யார், சேர்டிபிக்கட் தருவது யார்?

வீட்டை விற்கப் போகும்போதுதான் பலர் எலக்ட்ரீஷியனான எனக்குப் போன் எடுக்கிறார்கள். வாங்குபவரின் சொலிசிட்டர் ஃபியூஸ் பொக்ஸ் மாற்றியதற்குப் பேப்பர் கேட்டிருப்பார். மாற்றித் தந்த ஆளோ அதற்குள் நம்பரை மாற்றியிருப்பார். விற்பவர் நிரப்பும் டிஏ6 படிவம் 2005 ஜனவரி 1க்குப் பிறகு செய்த கரண்ட் வேலையைப் பற்றிக் கேட்கும். வீட்டுக் கரண்ட் வேலைக்கான பார்ட் பி கட்டட விதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொடங்கிய நாள் அது.

எல்லா வேலையையும் கவுன்சிலுக்கு அறிவிக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் 2013 ஏப்ரல் முதல் அறிவிக்க வேண்டியவை முக்கியமாக மூன்று: புது சேர்க்கிட் (ஃபியூஸ் பொக்ஸிலிருந்து தனி லைன்) இழுப்பது, கொன்சியூமர் யூனிட் (ஃபியூஸ் பொக்ஸ்) மாற்றுவது, பாத்ரூமில் குளியல் தொட்டிக்கும் ஷவருக்கும் கிட்ட இருக்கும் வயரிங்கை மாற்றுவது அல்லது கூட்டுவது. புது எலக்ட்ரிக் ஷவருக்குத் தனி சேர்க்கிட் வேண்டும் என்பதால் அதுவும் இதில் அடங்கும். ஹோலில் ஏற்கெனவே ஓடுகிற லைனில் ஒரு சொக்கெட் கூட்டினால் அறிவிப்பு இல்லை, சின்ன வேலைக்கு எலக்ட்ரீஷியன் தரும் மைனர் வேர்க்ஸ் சேர்டிபிக்கட் போதும். வேல்ஸில் பட்டியல் இதைவிட நீளம், குசினியும் வெளிவேலையும் அங்கே இன்னும் சேர்த்தி.

அறிவிப்பது யார்? என்ஐசிஇஐசி, நாபிட் போன்ற, எலக்ட்ரீஷியன்களைப் பதியும் திட்டமொன்றில் பதிந்தவர் செய்தால் அவரே தன் வேலைக்குச் சான்று சொல்லி, திட்டத்தின் மூலம் 30 நாளுக்குள் கவுன்சிலுக்கு அறிவிப்பார். நீங்கள் கவுன்சில் பக்கம் போகவே வேண்டாம். பதியாதவர் செய்வதென்றால், அல்லது நீங்களே செய்வதென்றால், தொடங்குவதற்கு முன்பே கவுன்சிலில் கட்டட விதியைப் பார்க்கும் பில்டிங் கொன்ட்ரோலுக்கு அறிவித்துக் காசு கட்ட வேண்டும். பல கவுன்சில்களில் அது சில நூறு பவுண். மலிவுக்கு ஆள் பிடித்த லாபம் அதிலேயே போய்விடும். பதிவுபெற்ற மூன்றாம் நபரைக் கொண்டு சான்று வாங்கும் வழியும் உண்டு, ஆனால் அவரையும் வேலைக்கு முன்பே அமர்த்த வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் வழுக்குகிறார்கள். "அண்ணை, வேலையை நான் முடிச்சிட்டன், நீங்கள் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாங்கோ" என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது தம்பி. திட்டத்தில் பதிந்தவர் தான் செய்த வேலையைத்தான் தன் பெயரில் அறிவிக்கலாம். சுவரை மூடிய பிறகு உள்ளே வயர் எப்படிப் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆளைப் பிடிக்கும்போது எலக்ட்ரீஷியனின் தகுதி அட்டையான கோல்ட் கார்டையோ, வயரிங் விதிநூலின் பதினெட்டாம் எடிஷன் சேர்டிபிக்கட்டையோ காட்டினால் அது படித்ததற்கு அடையாளம், பதிவு அல்ல. திட்டத்தின் இணையத்தளத்தில் கொம்பனிப் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் கட்டும் பில்டர் "அதெல்லாம் பில்டிங் கொன்ட்ரோல் இன்ஸ்பெக்டர் பார்ப்பார்" என்பார். இன்ஸ்பெக்டர் கடைசியில் கரண்ட் சேர்டிபிக்கட்டைத்தான் கேட்பார். ஆகவே யார் பெயரில் அறிவிப்புப் போகும் என்பதை கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் இரண்டு பேப்பர் வர வேண்டும். ஒன்று பிஎஸ் 7671 என்ற பிரிட்டிஷ் வயரிங் விதிநூலின்படி வேலை செய்தவர் தரும் இன்ஸ்டலேஷன் சேர்டிபிக்கட். அதில் வடிவமைத்தவர், செய்தவர், சோதித்தவர் என மூன்று பொறுப்பு. ஒரே ஆளென்றால் ஒரே கையெழுத்து. மற்றது கட்டட விதிக்கு இணங்கியதற்கான சான்று. சொலிசிட்டர் தேடுவது இந்த இரண்டாவதை.

முதல் பேப்பரின் பின்பக்கம் உள்ள சோதனை அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள். இன்சுலேஷன் நிரலில் எல்லா வரியிலும் ">200" என்றிருந்தால் பரவாயில்லை, புது வயர் அப்படித்தான் காட்டும். ஆனால் இசட்எஸ் (எர்த் லூப்பின் தடை அளவு) நிரலில் குசினி ரிங், மாடி லைட், ஷவர் எல்லாவற்றுக்கும் ஒரே எண் இருந்தால் அந்த ஆள் மீட்டரைப் பையை விட்டு எடுக்கவேயில்லை.

வேலை விதிப்படி இருக்க வேண்டிய பொறுப்பு முதலில் செய்தவருடையது. ஆனாலும் திருத்து, அல்லது கழற்று என்ற கவுன்சில் நோட்டீஸ் வீட்டுச் சொந்தக்காரருக்குத்தான் வரும்.

பழைய வேலைக்குப் பேப்பர் இல்லையென்றால் முதலில் அது தொலைந்ததா, வரவேயில்லையா என்று பாருங்கள். பதிந்தவர் அறிவித்திருந்தால் திட்டத்திடம் பிரதி எடுக்கலாம். அறிவிக்கவே இல்லையென்றால் கவுன்சிலில் ரெகுலரைசேஷனுக்கு, அதாவது முடிந்த வேலைக்குப் பின்னால் சான்று பெற, விண்ணப்பிக்கலாம். சுவரை உடைத்துக் காட்டச் சொன்னாலும் சொல்வார்கள். ஈஐசிஆர் என்ற வயரிங் நிலை அறிக்கை எடுத்தால் இன்றைக்கு வயரிங் எப்படி இருக்கிறது என்று தெரியும், விடுபட்ட சான்றுக்கு அது ஈடாகாது. விற்கிற அவசரத்தில் இருந்தால் கவுன்சிலுக்குப் போன் எடுக்க முன் சொலிசிட்டரைக் கேளுங்கள். சான்று இல்லாததால் பின்னால் வரக்கூடிய நட்டத்துக்கென்று இருக்கும் இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ், கவுன்சிலோடு பேசிய பிறகு பெரும்பாலும் கிடைக்காது.