வைட் ரிசீவர் ஒருவரின் பருவக் கணக்கை முன்னணி வீரர்களுடன் ஒப்பிடும் முறை

திருகோணமலையிலிருந்து என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) பருவத்தைப் பின்தொடர்பவர் வாராந்தக் கணக்கைச் செவ்வாய் நண்பகலுக்குப் பின் எடுப்பதே நல்லது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் வாரத்தின் கடைசியாகத் திங்கள் இரவு 8.15க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குச் செவ்வாய் காலை 5.45க்கும், நவம்பரில் அங்கே கடிகாரத்தைப் பின்தள்ளிய பிறகு 6.45க்கும் ஆரம்பமாகின்றது.

வைட் ரிசீவர், அதாவது எறியப்படும் பந்தைப் பிடித்து ஓடும் வீரர், ஆடிய ஆட்டங்கள், அவரை நோக்கி எறியப்பட்ட பந்துகள், அவற்றுள் அவர் பிடித்தவை, பெற்ற தூரம் (யார், அதாவது கெஜக் கணக்கில்), டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்ப்பது) ஆகியவற்றை ஒரே வரியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே லீக்கில் முதலிடத்தில் உள்ளவரின் எண்ணை இடுங்கள். முதலிடத்தில் எப்போதும் ஒரே ஆள் இருப்பதில்லை. 2023இல் தூரத்தில் டைரீக் ஹில்லும், பிடித்த பந்துகளில் சீடீ லாம்பும் முன்னின்றனர். பிடிப்பு, தூரம், டச்டவுன் மூன்றிலும் முந்திய கூப்பர் கப் (2021), ஜமார் சேஸ் (2024) போன்றோர் அரிது.

இனி மொத்தத்தை ஆட்ட எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். என் கணிப்பில் இந்த ஒரு படியைத் தவிர்த்தால் மற்றெல்லாம் வீண். 2023இல் ஹில் 16 ஆட்டங்களில் 1,799 யார் எடுத்தார். காயத்தால் 10 ஆட்டங்களே ஆடிய ஜஸ்டின் ஜெஃபர்சன் எடுத்தது 1,074. மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஜெஃபர்சன் முதலிடத்தவரின் 60 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டாலோ ஹில்லுக்கு 112.4, ஜெஃபர்சனுக்கு 107.4, அதாவது 95 சதவீதத்துக்கும் மேல். அந்தப் பத்திலும் இரண்டில் அவர் காயத்தோடு இடையிலேயே வெளியேறினார் என்பதையும், அவை முழு ஆட்டங்களாகவே எண்ணப்படுகின்றன என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு ஆண்டுகளை ஒப்பிடும்போதும் இதே வகுத்தல் தேவை, ஏனெனில் 2021 முதல் ஒவ்வொரு அணியும் 16க்குப் பதிலாக 17 ஆட்டங்கள் ஆடுகின்றது. கூப்பர் கப் 2021இல் எடுத்த 1,947 யார் கால்வின் ஜோன்சன் 2012இல் எடுத்த 1,964க்கு மிக அருகில் நிற்பதுபோல் தோன்றினாலும், ஆட்டத்துக்கு 114.5, 122.8 என்று எழுதும்போது இடைவெளி தெரிகின்றது.

அடுத்து, தூரத்தைப் பிடிப்புகளால் வகுத்தால் அவர் எவ்வகை வீரர் என்பது புலப்படும். 2019இல் 149 பந்துகளைப் பிடித்த மைக்கேல் தோமஸுக்குப் பிடிப்பொன்றுக்கு 11.6 யார், 2012இல் 122 பிடித்த ஜோன்சனுக்கு 16.1. தோமஸை நோக்கி எறியப்பட்டவை 185. அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் அவர் கையில் நின்றன. குறுந்தூரப் பந்துகளை நம்பகமாகப் பிடிப்பவரை நெடுந்தூரம் ஓடுபவரின் அளவுகோலால் அளப்பது நியாயமன்று.

ஏகாம்பரம் மைதானத்தில் கோல்களை எண்ணிப் பழகியவருக்கு டச்டவுனே முதலில் கண்ணில் படும். ஆனால் தூரத்தில் சாதனை படைத்த அந்த 2012 பருவத்தில் ஜோன்சன் எடுத்தவை வெறும் 5. ராண்டி மாஸ் 23 டச்டவுன் பிடித்துச் சாதனை படைத்த 2007இலோ, தூரத்தில் முதலிடம் 1,510 யார் எடுத்த ரெஜி வெய்னுக்கே சென்றது. ஆகவே டச்டவுனைக் கடைசி நிரலில் வைத்து, முந்தைய விகிதங்களில் இருவர் ஏறக்குறையச் சமமாக நிற்கும்போது மட்டும் அதைப் பாருங்கள்.